பிஜ்லியின் கொட்டகை

வாசலில் ஒரு தகரத் தொட்டி. அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். செருப்போடு அதில் இறங்கி ஏறினால்தான் உள்ளே போகலாம் என்றான் என் தம்பி மாரி.

"எதுக்குலே இது?"

"வெளிய உள்ள சீக்கு எதும் உள்ள போவக் கூடாதுல்லா, அதுக்குத்தான். எறங்குக்கா, ஒண்ணுஞ் செய்யாது."

என் மகள் தேன்மொழி முதலில் இறங்கினாள். ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய மஞ்சள் ரெயின்கோட் அவள் கணுக்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அடுத்து என் கணவர் சேகர், கையில் போனோடு. கடைசியாக நான்.

தண்ணீர் செருப்பு ஓரமாக நுழைந்து விரல்களைத் தொட்டபோதுதான் அந்த வாடை வந்தது. நனைந்த வைக்கோல், சாணம், புளித்த கரும்புச் சக்கை. அதற்கெல்லாம் அடியில் கனமாக, சூடாக இன்னொன்று. கண் பார்க்கும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது, உள்ளே அது இருக்கிறது என்று.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். மூன்று பேரும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போனேன்.

"எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்களே, நீங்கள் பயந்ததே இல்லையா?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். பயந்திருக்கிறேன், தாயே. அதைத்தான் இந்த வாரம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வந்த யானை

யானை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் எதிரெதிரே இரண்டு கைவண்டி வந்தால் ஒன்று சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பம்பாய் ரோடுகளில் யானையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கடை கடையாக நிறுத்தி வாழைப்பழமும் சில்லறையும் வாங்குவார்கள். கொடுத்தவர் தலையில் துதிக்கையால் ஒரு தட்டு. அதற்காகவே பிள்ளைகள் பின்னால் ஓடும்.

ஒரு சாயங்காலம் அப்படி வந்த யானைக்குப் பக்கத்தில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. நான் மாரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் சந்து நைன்ட்டி ஃபீட் ரோட்டில் சேரும் முனையில் நின்றிருந்தேன். யானை திரும்பியது. நைன்ட்டி ஃபீட் ரோடு அவ்வளவு அகலமாகக் கிடக்க, அது ஏன் எங்கள் சந்துக்குள் நுழைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓட இடமில்லை. பூட்டிக் கிடந்த ஒரு தோல் பட்டறையின் ஷட்டரோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். வெளிச்சம் போனது. யானையின் வயிறு என் முகத்துக்கு முன்னால் நகர்ந்து போனது. கம்பி மாதிரியான முடி கன்னத்தைக் கீறியது. ஷட்டர் உள்பக்கமாக வளைவது முதுகில் தெரிந்தது. இழுத்த மூச்சை வெளியே விட மறந்து நின்றேன்.

பிறகு வெளிச்சம் வந்தது. சந்தின் மறுமுனையில் ஒரு கைவண்டி நொறுங்கிக் கிடந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. என் பாவாடை நனைந்திருந்தது. இடுப்பில் இருந்த மாரி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "இன்னொருக்கா! இன்னொருக்கா!"

அவன் வளர்ந்தான். டெம்போ ஓட்டினான். வாஷி மார்க்கெட்டிலிருந்து கரும்பும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, பன்வேலுக்கு அப்பால் இருக்கும் ஒரு தனியார் விலங்குப் பூங்காவுக்குப் போவான். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவன் அங்கேயே நின்று யானைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். வண்டி முதலாளி திட்டுவார். கடைசியில் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் பூங்காவிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். யானைகளைக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, காலுக்கு மருந்து போடுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"யக்கா, ஒரு தடவை வாயேன். பப்ளிக் பாக்குத எடம் இல்ல, பின்னால உள்ள எடம். நான் காட்டுதேன்" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக நான் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்தபோது தெரியாது

தேன்மொழி என்று பெயர் வைத்தபோது அவளுக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரியாது.

அப்போது சுனாபட்டியில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருந்தோம். ஒருநாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் திறப்பதற்காக நின்றிருந்தேன். யாரோ ஒருவர் கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். வந்துகொண்டிருந்த லோக்கல் ஹார்ன் அடித்தது பாருங்கள், நின்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்தது. என் மகள் என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கண்கூட இமைக்கவில்லை.

சேகரிடம் அன்றைக்கே சொன்னேன். "தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்" என்றார். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஆஸ்பத்திரி. பரிசோதனை மேல் பரிசோதனை. மூன்று வயதுக்கு முன்பே தலையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து ஒயரில் ஒரு வெள்ளை வட்டு. அந்த வட்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டியிருந்தால் கேட்கும், எடுத்துவிட்டால் ஒன்றும் கேட்காது.

பேச்சுப் பயிற்சியில் ஒரே மொழியில் பேசுங்கள் என்றார்கள். பயிற்சி கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் வீட்டுக்குள் இந்தி வந்தது. நான் மட்டும் அவளைக் குளிப்பாட்டும்போது, மெஷினைக் கழற்றி வைத்த நேரத்தில், தமிழில் பேசுவேன். அது அவளுக்குக் கேட்காது. கேட்காது என்பதால்தான் அந்த நேரத்தில் பேசினேன். பின்னால் அவளாகவே என் உதட்டைப் பார்த்துத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு இரண்டையும் கலந்து ஒரு பாஷை பேசுகிறாள். எங்கள் மூன்று பேருக்கும் அது நன்றாகப் புரியும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "தலையில் அடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. ஊஞ்சல் வேண்டாம். பிளாஸ்டிக் சறுக்குமரம் வேண்டாம். ரயிலில் கம்பிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஆட்டோவில் நடுவில்தான் உட்கார வேண்டும். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் செம்பூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். அங்கே பக்கத்து ரோட்டில் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன்.

சேகர் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வேலை செய்கிறவர். அவருக்கு என் பயம் பிடிபடவே இல்லை.

"அரே செல்வி, எப்பப் பாரு டர், டர், டர். புள்ளைய ஷோகேஸ்லயா வச்சு வளக்கப் போற?"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க."

"பத்து வயசாச்சு. கடலுக்குள்ள கால் நனைச்சிருக்காளா? ஒரு மரத்துல ஏறியிருக்காளா? அவளுக்குக் காதுதான் கேக்காது. கை கால் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சண்டை வளர்ந்தது. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நானே மாரிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றேன்.

வெல்லத் துண்டு

செம்பூரில் ரயில் ஏறி பன்வேல் வரை, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆவணி மழை விட்டுவிட்டுப் பெய்தது. பூங்காவின் பின்வாசலில் குடையோடு மாரி நின்றிருந்தான். தேனுவைப் பார்த்ததும் குனிந்து, அவள் பார்க்கும்படி உதட்டை நன்றாக அசைத்துப் பேசினான்.

"ரெடியா?"

"மாமா, ஹாத்தி பெரிசா?"

"ரொம்பப் பெரிசு. உங்கம்மாவைவிடப் பெரிசு."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

முதலில் யானைகளுக்குச் சமைக்கும் இடத்துக்குப் போனோம். ஈய அண்டாவில் கேழ்வரகு கொதித்துக்கொண்டிருந்தது. கோதுமை ரொட்டிகளைத் தலையணை மாதிரி அடுக்கியிருந்தார்கள். மாரி பெரிய வெல்லக்கட்டி ஒன்றை உடைத்துத் தேனு கையில் ஒரு துண்டு கொடுத்தான். அவள் ஒரு நக்கு நக்கிவிட்டு ரெயின்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். எறும்பு வரும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

போகிற வழியில் மாரி யானைகளைப் பற்றிச் சொன்னான். இரண்டு பெண் யானைகள். மூத்தது சம்பா, சாது. இளையது பிஜ்லி. பிஜ்லியைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியம், வெடி, முகத்துக்கு நேரே சீரியல் லைட். அங்கிருந்து மீட்டு இங்கே கொண்டுவந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இடது கண்ணில் பார்வை கிடையாது.

"எப்படிலே போச்சு?"

மாரி சேகரைத் திரும்பிப் பார்த்தான். "ஆம்பளையாளுவளக் கண்டா அதுக்கு ஆவாது. என்னைய ஏத்துக்கிடவே ரொம்ப நாளாச்சு. அத்தான், நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க."

கொட்டகை நீளமாக இருந்தது. தகரக் கூரை. ஒரு பக்கம் முழுவதும் என் இடுப்பளவு பருமனில் இரும்புக் குழாய்களை நட்டு அறை அறையாகப் பிரித்திருந்தார்கள். குழாய்களுக்கு இடையே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். அந்த அளவுக்கு இடைவெளி. குழாய்களுக்கு முன்னால் நடைபாதை. சிமென்ட் தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போவக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஓடக் கூடாது. இவ்வளவுதான்" என்றான் மாரி.

பிஜ்லி உள்ளே நின்றிருந்தது. அதைப் பற்றி என்ன எழுத? யானை யானையாகத்தான் இருந்தது. ஆனால் அதை முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே ஒரு துண்டு காது, ஒரு துண்டு நெற்றி, வெளுத்துப்போன ஒரு கண். தாராவி ஷட்டரின் குளிர்ச்சி என் முதுகில் மறுபடி ஏறியது. கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

மழை வலுத்தது. தகரத்தில் விழும் இரைச்சல் எங்களுக்கே காதை அடைத்தது. சம்பா வெளியே திறந்தவெளியில் நனைந்துகொண்டு நின்றது. அதை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று மாரி பக்கக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். அந்த அறையின் மறுபக்கத்துக் கேட்டை அவன் திறந்ததும் சம்பாவின் தலையும் முன்னங்கால்களும் உள்ளே வந்தன. அங்கேயே அது நின்றுவிட்டது.

சேகர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார். அதில் வெளிச்சம் எரிந்தது.

"லைட்டை அணைங்க. அவன் இவ்வளவு சொல்லியும்..." என்று அவர் பக்கம் திரும்பினேன். அணைத்தார். மறுபடி முன்னால் பார்த்தேன்.

தேனு மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். குழாய்க்கும் அவளுக்கும் ஒரு கை தூரம். குழாய்களுக்கு நடுவே வெளியே வந்திருந்த துதிக்கையின் நுனி அவள் தலைமேல் இருந்தது. காதுக்குப் பின்னால் மெஷினைக் காணோம். வெள்ளை வட்டையும் காணோம்.

"தேனு!"

கத்தக் கூடாது என்பது எனக்கு மறக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. அவள் திரும்பவில்லை. திரும்பியது பிஜ்லிதான். காதுகள் இரண்டும் விரிந்து அப்படியே நின்றன.

சேகர் ஓர் அடி முன்னால் வைத்தார். பிஜ்லி மூச்சை ஊதியது. தரையில் கிடந்த வைக்கோல் பறந்தது.

"அத்தான், நில்லுங்க! நகராதீங்க." அடுத்த அறையிலிருந்து மாரி. மழைக்கு மேலே கேட்கும்படி, ஆனால் கத்தாமல், தாலாட்டுப் பாடுவது போல இழுத்து இழுத்துச் சொன்னான். "என்னால இப்ப வர முடியாது. சம்பா பாதி உள்ள நிக்கு. கேட்டை விட்டேன்னா ரெண்டும் மெரண்டுரும். யக்கா... புள்ளைய இங்கிட்டுப் பாக்க வையி."

எப்படிப் பார்க்க வைப்பது? வீட்டில் மெஷின் இல்லாத நேரத்தில் அவளைக் கூப்பிட வேண்டும் என்றால் தரையை ஓங்கி மிதிப்போம். அதிர்வு காலில் பட்டுத் திரும்புவாள். இங்கே மிதித்தால் அவளுக்கு முன்னால் அது திரும்பும்.

என் தோளுக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தது. கொட்டகை விளக்கை ஒரே ஒரு முறை அணைத்துப் போட்டேன்.

தேனு முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிஜ்லி ஒரு காலைத் தூக்கி மாற்றி வைத்தது. அவ்வளவுதான்.

'வா' என்று கையைக் காட்டினேன். 'மெதுவா வா.'

அவள் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது. துதிக்கை தலையிலிருந்து இறங்கி ரெயின்கோட்டின் தொப்பியைப் பிடித்துச் சுருட்டியிருந்தது. கழுத்துப் பட்டன் அவள் தொண்டையில் அழுந்தியிருந்தது. அவள் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. வர முடியாது என்று சொன்னாள்.

பட்டன்கள்

"யக்கா, நீ போ" என்றான் மாரி. "அத்தான் போவக் கூடாது. வலது பக்கமா, அதுக்குக் கண்ணு தெரியுத பக்கமாப் போ. பேசிக்கிட்டே போ. உன் கொரலு அதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"என்னத்தலே பேச?"

"என்னத்தையாவது பேசு!"

மஞ்சள் கோட்டைத் தாண்டினேன்.   சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கடையில் நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுதான் தானாக வந்தது.

"பைட்டியே, உக்காருங்க... சீதா தேக்கியே, நேராப் பாருங்க. மேல பாருங்க. கீழ பாருங்க. இந்த எழுத்து தெரியுதா? இப்ப? இது நல்லா தெரியுதா, முன்ன உள்ளது நல்லா தெரிஞ்சுதா?"

பிஜ்லியின் வலது கண் என்னைப் பார்த்தது. பழுப்பு நிறம். நீளமான இமை முடி. அந்தக் கண்ணில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. துதிக்கை ஒரு முறை இழுத்தது. தேனுவின் தோள் குழாயில் இடித்தது. இன்னொரு இழுப்பு இழுத்தால் அவள் அந்த இடைவெளிக்குள் போய்விடுவாள். அவள் அவ்வளவு சின்ன உருவம்.

அவள் முன்னால் மண்டி போட்டேன். ரெயின்கோட்டில் வரிசையாகப் பிரஸ் பட்டன்கள். கீழிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றும் 'டப்' என்று விடுபட்டது. ஒவ்வொரு 'டப்'புக்கும் துதிக்கை நின்று கவனித்தது. அதன் மூச்சு என் கைமேல் சூடாக, ஈரமாக அடித்தது. "கண்ணைச் சிமிட்டாதீங்க... ஹிலியே மத், அசையாதீங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தேனு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துப் பட்டன் விடவில்லை. இழுவையில் இறுகியிருந்தது. விரல் வழுக்கியது. நகம் மடங்கியது. துதிக்கை நுனி தொப்பியின் ஓரத்திலிருந்து நீண்டு என் கன்னத்தைத் தொட்டது. ஈரமான, சொரசொரப்பான ஒரு விரல் மாதிரி என் கன்னத்தில் ஊர்ந்து, காதுக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்தது.

பேச்சு நின்றுவிட்டது.

"பேசுக்கா! நிறுத்தாத!"

"இந்தக் கண்ணாடி... உங்களுக்கு நல்லா இருக்கு" என்றேன். பட்டன் விட்டது.

தேனு கைகளைப் பின்னால் நீட்டினாள். ரெயின்கோட் அவள் தோளிலிருந்து வழுக்கித் துதிக்கையோடு போனது. அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தேன். மஞ்சள் கோடு என் முழங்காலுக்கு அடியில் போனது. சேகரின் கை என் ரவிக்கையைப் பிடித்துக் கதவு வரை இழுத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிஜ்லி ரெயின்கோட்டைத் தரையில் போட்டு, பாக்கெட்டைத் துதிக்கையால் துழாவி வெல்லத்தை எடுத்துத் தின்றது. பிறகு ஒரு காலை அந்த மஞ்சள் துணிமேல் வைத்து அழுத்திக்கொண்டு, துதிக்கையால் கிழித்தது. நிதானமாக. நாம் வாழைப்பழத்தை உரிப்பது போல. ஒரு கை தனியாக வந்தது.

மூடிய கை

வெளியே தாழ்வாரத்தில் அவள் தலையைத் தடவினேன். கழுத்து, தோள், முதுகு. தொண்டையில் ஒரு சிவப்புக் கோடு. வேறு ஒன்றும் இல்லை.

"மெஷின் எங்க? அது தின்னுருச்சா?" சேகரின் குரல் உடைந்தது. இருபது மாடி உயரத்தில் தொங்குகிற மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தேனு தன் வலது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் மெஷின், ஒயர், வெள்ளை வட்டு. இவ்வளவு நேரமும் மூடிப் பிடித்திருந்திருக்கிறாள்.

மழைச் சத்தம் தகரத்தில் தாங்க முடியாமல் இருந்ததால் அவளே கழற்றியிருக்கிறாள். கழற்றிய பிறகு வேறொன்று வந்ததாம். நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். "இங்க. ஆனை பேசிச்சு. மெஷின் இருந்தப்போ நை ஆயா." மெஷின் இருந்தபோது அது வரவில்லையாம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் கிட்டே போனாளாம்.

சம்பாவை உள்ளே விட்டுக் கேட்டை மூடிவிட்டு மாரி ஓடிவந்தான்.  யானைகள் ஒன்றையொன்று கூப்பிடும்போது நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த குரலில் உறுமும், பக்கத்தில் நின்றால் உடம்பில் தெரியும் என்று பின்னாளில் சொன்னான்.  அன்றைக்கு என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கா."

அடிக்கவில்லை. அதற்கும் எனக்குத் தெம்பு இல்லை.

நடந்ததை அவனே போய் மேலதிகாரியிடம் சொன்னான். யாருக்கும் தெரியாது, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றார் சேகர். "நாளைக்கு இன்னொருத்தன் அவன் புள்ளையக் கூட்டிட்டு வருவான்லா, அத்தான்" என்றான் மாரி. வேலையாட்கள் குடும்பத்தைக் கொட்டகைக்குள் அழைத்துவருவது அன்றோடு நின்றது. அவனை யானைப் பக்கமிருந்து மாற்றிப் பம்பு அறையில் போட்டார்கள். பிஜ்லி வேறு யார் கையிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மழைக்காலம் முடியும் முன்பே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அதுவரை நான் அவனோடு பேசவில்லை. தேனு வீடியோ காலில் தினமும் பேசினாள்.

வாஷி பாலம்

அன்று சாயங்காலம் பன்வேலில் ரயில் ஏறினோம். சேகர் ஜெனரல் பெட்டிக்குப் போனார். நானும் தேனுவும் லேடீஸில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மெஷின் நனைந்திருந்ததால் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதுவரை நான் நன்றாகத்தான் இருந்தேன். டிக்கெட் எடுத்தேன். பிளாட்பாரத்தில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். வாஷி தாண்டி, ரயில் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தபோது என் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் விரல்கள், பிறகு தோள் வரைக்கும். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. எதிரே மீன்கூடையோடு இருந்த அம்மா, "காய் ஜாலா, பாய்?" என்று கேட்டாள், என்ன ஆச்சு என்று. "தண்டி" என்றேன். குளிர்தான் என்று.

அந்த நடுக்கத்தில் தேனு விழித்துக்கொண்டாள். என் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மெஷின் இல்லாதபோது தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது. பெட்டி முழுவதும் திரும்பும்படி கேட்டாள்.

"அம்மா, பயமா?"

இந்தக் கேள்வியை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், பள்ளிக்கூட கேட்டில், கூட்டமான ரயிலில். இல்லை, அம்மாவுக்கு எதற்குப் பயம் என்றுதான் எப்போதும் சொல்வேன்.

அவள் பார்க்கும்படி உதட்டை நன்றாக அசைத்து, "ஆமா" என்றேன்.

 அவள் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கும்" என்றாள்.